தலையில் போடும் தாளம்



பங்காருபாளையத்தில் ஒரு மெட்டல் கச்சேரி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மாங்காய்ச் சீசனில் மண்டி வாசலில் வரிசை கட்டி நிற்கும் டிராக்டர்கள், கூழ் ஃபேக்டரிகளின் இரைச்சல், ஜாத்திரைக்கு மைக்செட்டு, திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. எங்கள் பக்கத்துச் சத்தம் பெரும்பாலும் இவ்வளவில் அடங்கிவிடும். ஆனால் ஊர் உட்கார்ந்திருப்பது சென்னை–பெங்களூரு சாலையின் மேல். சித்தூரிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்தால் மொகிலி மலைப்பாதை ஏறி, பலமநேர், நங்கிலி, முல்பாகல், கோலார் என்று போய் நாலு மணி நேரத்தில் பெங்களூரில் இறங்கிவிடலாம். எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்தைத் தேடி அந்த பஸ்ஸில் போய் வருகிறவர்களில் நானும் ஒருவன். புரோக்ரெசிவ் மெட்டல் என்கிற இசையை நேரில் போய்க் கேட்பதில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம்.

முதலில் வம்சாவளி, சுருக்கமாக. 1970-களில் இங்கிலாந்தின் கிங் கிரிம்சன், யெஸ், கனடாவின் ரஷ் போன்ற குழுக்கள் மூன்று நிமிடப் பாட்டு என்கிற கட்டுப்பாட்டை உடைத்தன. இருபது நிமிடப் பாட்டு, நடுவில் மாறும் தாளம், பாட்டுக்குள் கதை என்று போனார்கள். அதே காலத்தில் பர்மிங்காமில் பிளாக் சபத் கனத்த கிட்டாரை வைத்து மெட்டலுக்கு அடித்தளம் போட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் 1980-களின் அமெரிக்கக் குழுக்களான குவீன்ஸ்ரைக், ஃபேட்ஸ் வார்னிங். 1985-ல் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய குழு பின்னாளில் ட்ரீம் தியேட்டர் ஆயிற்று. 1992-ல் அவர்களுடைய 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பம் வந்த பிறகுதான் இந்த வகைக்கு உலகம் முழுக்க ஆள் சேர்ந்தது. 1999-ல் அவர்கள் வெளியிட்ட 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்கிற உருப்படி வெறும் ஆறு நிமிடம், குரலே கிடையாது. அதற்குள் தாளம் நூறு தடவைக்கு மேல் மாறுகிறது என்று ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணி வைத்திருக்கிறார்கள். எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த இசையின் ரசிகன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அது ஒன்றே போதும்.

நம் பக்கத்துக்கு இது வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது. 2011 அக்டோபர் 30 அன்று அதே மைதானத்தில் மெட்டாலிகா. இரண்டும் புரோக்ரெசிவ் இல்லை, சுத்த மெட்டல். ஆனாலும் அந்த ஊருக்கு வண்டி ஏறி வந்து கேட்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்து போயிற்று. புரோக்ரெசிவ் ஆட்களை அழைத்து வந்ததில் பெரிய பங்கு இஞ்சினியரிங் கல்லூரிகளுக்கு. ஸ்வீடனின் ஓபெத் 2009-ல் வாசித்தது சென்னை ஐஐடியின் சாரங் விழாவில், திறந்தவெளி அரங்கில். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் ஐஐடியின் மூட் இண்டிகோ விழாவுக்குப் போர்க்குப்பைன் ட்ரீ வந்தது. இவ்வளவு கணக்குப் போட்டு வாசிக்கிற இசைக்குக் கணக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் முதலில் கைதட்டியிருக்கிறார்கள், நியாயந்தான். ட்ரீம் தியேட்டர் மட்டும் மும்பைக்கு வந்து சேர 2017 ஆயிற்று. 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்துக்கு அதற்குள் 25 வயது முடிந்துவிட்டது. தலை நரைத்த ரசிகர்கள் பிள்ளைகளோடு போனார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கச்சேரியில் ரசிகனுக்கு ஒரு வேலை இருக்கிறது. அது தெரியாமல் போனால் இரண்டு மணி நேரம் இடி இடித்த மாதிரிதான் இருக்கும்.

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. நாலு நடையில் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை, இரண்டு ஆவர்த்தனம் 64. ராக் இசையிலும் நாலு எண்ணிக்கை ஒரு பார், ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நாலு மாத்திரை. நாலு பார் சேர்ந்தால் அதே 64. இப்போது ஸ்வீடனின் மெஷுகா போன்ற குழு என்ன செய்யும் என்றால், டிரம்ஸ் வாசிப்பவரின் வலது கை சிம்பலில் நாலை விடாமல் பிடித்துக்கொள்ளும். கிட்டார்களும் அவருடைய இரண்டு கால்களும் வேறு கணக்கில் ஓடும். உதாரணத்துக்கு ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழேழாக ஒன்பது தடவை போனால் 63. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றை என்ன செய்வது? திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரியை, அதாவது ரிஃப்பை, பத்தாம் தடவை தொடங்கி, முதல் சுரத்தோடு வெட்டிவிடுவார்கள். வெட்டின கையோடு எல்லோரும் சேர்ந்து முதல் அடியில் விழுவார்கள்.

நம் மிருதங்க வித்வான் அப்படி வெட்டமாட்டார். அவர் பின்னாலிருந்து கணக்குப் போட்டுக் கோர்வை கட்டி வருவார். ஏழு, இரண்டு மாத்திரை இடைவெளியாகக் கார்வை, ஏழு, இரண்டு கார்வை, ஏழு. கூட்டினால் 25. அப்படியானால் 64-ல் 39 மாத்திரை கழித்து நாற்பதாவதில் எடுத்தால் முதல் அடியான சமத்தில் வந்து நிற்கும். மிச்சம் மீதி கிடையாது. அறிவுக்கு எது உசத்தி என்று கேட்டால் நான் கோர்வை பக்கம்தான் நிற்பேன். ஆனால் அந்த வெட்டுக்கு ஒரு தனி ருசி உண்டு. அடுத்த அடி வரும் என்று உடம்பு சாய்ந்திருக்கும்போது அது வராமல் வேறொன்று வந்து விழுகிறது. ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் அப்படி நடக்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழும். அதை எந்த ரெக்கார்டிலும் நான் கேட்டதில்லை.

சபாவில் இந்தச் சமத்தைக் கை பிடித்துக்கொள்கிறது. இங்கே கழுத்து. மெட்டல் ரசிகர்கள் தலையை ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், குறைந்தபட்சம் சினிமாக் கிண்டலிலாவது. ஹெட்பேங் என்று சொல்வார்கள். அது வெறும் ஆவேசம் என்று நினைக்க வேண்டாம். தலை எதற்கு ஆடுகிறது என்று பாருங்கள். புதிதாக வந்தவன் கிட்டாரின் ஏழுக்கு ஆட்டப் பார்ப்பான், மூன்றாம் சுற்றில் தவறிப்போய்ப் பக்கத்திலிருப்பவன் மேல் மோதுவான். பழகினவன் கண் டிரம்ஸ்காரரின் வலது கையில் இருக்கும். கிட்டார் எங்கே போனாலும் அவன் தலை நாலிலேயே நிற்கும். கச்சேரியின் தாளத்தை மேடையில் உள்ளவர்களோடு சேர்ந்து சுமப்பவன் அவன்தான்.

இந்தக் காதுக்கு எங்கள் ஜில்லாவில் பூர்வீகம் உண்டு என்பது என் கட்சி. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பெயரைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 1954-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், மதுரை சோமுவின் குரு. அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. நாயனா பிள்ளையின் கச்சேரியை 'ஃபுல் பெஞ்ச்' என்பார்கள். மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று லய வாத்தியக்காரர்களை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டு, அவர்களை மடக்கப் பார்ப்பதும் அவர்கள் மடங்காமல் திரும்பி வருவதுமாகப் பாடுவார். அந்த வழியில் வந்த சித்தூராரும் கணக்கில் கெட்டிக்காரர். 'பாடகர் பாடட்டும், ஆனால் கணக்கில் என்னை ஏமாற்ற முடியாது' என்று தொடையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரசிகர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது கறுப்பு டீஷர்ட் போட்டுக்கொண்டு பெங்களூரில் நிற்கிறார்கள்.

போன வருஷம் அங்கே ஒரு பப்பில் உள்ளூர்க் குழு ஒன்றைக் கேட்கப் போயிருந்தேன். பெரிய மைதானத்தில் மேடை ஒரு பொம்மைக் கொலு அளவுக்குத்தான் தெரியும். பப்பில் டிரம்ஸ்காரரின் பாதம் வரை பார்க்கலாம். நான் பக்கவாட்டுக் கம்பியோரம் நின்றேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்ஸ் போட்ட காலோடு வாசித்தார். டபுள் பாஸ் என்பது இரண்டு காலுக்கும் ஒவ்வொரு பெடல். வேகம் கூடும்போது தொடை அசையவே இல்லை, கணுக்கால் மட்டும் துடிக்கிறது. முழங்காலுக்கு மேலே ஆள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார், கீழே கணுக்கால் தனி உத்தியோகம் பார்க்கிறது. காதில் இயர்ஃபோன், அதில் 'டிக் டிக்' என்று கிளிக் ஓடும். பக்கத்தில் ஒரு லேப்டாப். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கிட்டார்காரர்கள் குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டார்கள். ஏழு தந்தி கிட்டார். அடித் தந்தி அவ்வளவு தொளதொளவென்று இருக்கும், விரல் கொஞ்சம் அழுத்தினாலே சுரம் மேலே ஏறிவிடும். பாடகர் இடைவெளியில் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்தார்.

என் பக்கத்தில் குப்பம் ஊரிலிருந்து வந்த ஒரு காலேஜ் பையன். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது என் காதருகே வந்து, "அண்ணா, இது பதினொண்ணுண்ணா" என்றான்.

"இல்லப்பா, அஞ்சும் ஆறும்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணா?"

"இல்ல. அஞ்சுல ஒரு மூச்சு விடறாங்க பாரு."

அவன் விரலில் எண்ணிப் பார்த்தான். பத்து சுற்று எண்ணியிருப்பான். "மூச்சு ஆறுல விடறாங்கண்ணா. ஆறும் அஞ்சும்" என்றான். அவன் சொன்னதுதான் சரியா, நான் சொன்னதா என்று முடிவாவதற்குள் பாட்டு நாலுக்கு மாறிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். முன்பின் தெரியாத ஆள்கள் இப்படி ஒரு விஷயத்துக்குச் சண்டை போடக் கிடைக்கிற இடங்கள் குறைவு.

இப்போது கத்தல். குரோல் என்கிறார்கள், அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல். தொண்டை கிழியக் கத்துவதாக வெளியே தெரியும். தெரிந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. மூச்சை அடக்கி விட்டு அதை அதிர வைக்கிறார்கள். மைக் இல்லாவிட்டால் அந்தச் சத்தம் பெரிதாக எடுபடாது. ஓபெத்தின் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் இதில் பெரிய கை. ஒரே பாட்டில் உறுமலிலிருந்து மிருதுவான குரலுக்குத் தாவுவார், பாட்டு முடிந்ததும் மேடையில் நின்று கூட்டத்தோடு சாவகாசமாக ஜோக் அடிப்பார். 2011-ல் வந்த ஆல்பத்திலிருந்து ரெக்கார்டுகளில் உறுமலை விட்டுவிட்டார். பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2024 ஆல்பத்தில் அது திரும்பி வந்தது. எனக்கு உறுமல் இல்லாத ஓபெத் ஒரு மாற்றுக் குறைவுதான். கனமும் மென்மையும் மாறி மாறி வரும்போதுதான் இரண்டுக்கும் மதிப்பு.

குறையும் சொல்ல வேண்டும். பெரிய குறை ஒன்று இருக்கிறது: மனோதர்மம் கிடையாது. ரெக்கார்டில் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறார்கள், தனி கிட்டார் வாசிப்பு உட்பட. ஒரு சுரம் பிசகினால் ரசிகன் கண்டுபிடித்துவிடுவான். வித்வானைப் பரீட்சை எழுத வைத்துவிட்டு நாம் திருத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. கிளிக் காதில் ஓடும்போது வேகம் ஒரு இழைகூடக் கூடாது, குறையாது. கூட்டம் சூடானால் அதற்கேற்பக் கொஞ்சம் தள்ளிப்பிடிக்கிற சுகம் அங்கே இல்லை. லேப்டாப்பிலிருந்து வரும் பின்னணிக் கோரஸ் வேறு. நாலு பேர் மேடையில் இருக்க, பத்துப் பேர் பாடுகிறார்கள். நாயனா பிள்ளை கேட்டால் எழுந்து போயிருப்பார்.

இருந்தாலும் இவ்வளவு சிக்கலை நாலைந்து பேர் நின்றபடி, தலையை ஆட்டியபடி, பிசகாமல் வாசிப்பது சாமானிய வேலை இல்லை. அதைக் கண்ணால் பார்க்கும்போது அதன் மேல் மரியாதை வருகிறது. கிளிக்கை அணைத்துவிட்டு வாசிக்கும் குழுக்களும் உண்டு. அப்படி ஒரு கச்சேரி கிடைத்தால் விடாதீர்கள்.

நம்மவர்கள் இதில் என்ன செய்திருக்கிறார்கள்? கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் வாசித்த கிட்டாரில் கமகம் தானாக வந்து உட்கார்ந்தது. அவர்களுடைய 'மக்தூப்' ஆல்பம் 2008-ல் வந்தது. பெங்களூரில் அகம் குழு, ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாட, கீர்த்தனைகளையும் தில்லானாவையும் ராக் கட்டமைப்புக்குள் கொண்டுவந்தது. மிஸ்ரம் என்றால் ஏழு; அதே ஊரின் புராஜெக்ட் மிஸ்ரம் குழு பெயரிலேயே அந்தக் கணக்கை வைத்துக்கொண்டிருக்கிறது. டெல்லியில் தொடங்கிய ஸ்கைஹார்பர் ராகத்தின் பக்கமே போகாமல், சுத்த மேல்நாட்டு பாணியில் நின்று வெளிநாடுகளில் பெயர் வாங்கியது. எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ராகத்தை மேலே தூக்கி வைத்து, அடியில் கனத்த கிட்டாரை ஒரே சுருதியில் உறும விடுகிற பாட்டுகள் முதல் தடவை மயிர்க்கூச்செறியும், மூன்றாம் தடவை அலுக்கும். கிட்டாருக்கு அங்கே தம்புரா வேலைதான். லயத்தில் கைவைக்கிற இடத்தில்தான் இரண்டு இசையும் நிஜமாகப் பேசிக்கொள்கின்றன. பைஜு விதிவிலக்கு, அவர் கிட்டாரையே பாட வைத்தார்.

நேரில் கேட்க வேண்டியதற்கு இன்னொரு காரணம், வெறும் பௌதிகம். மெஷுகாவின் எட்டுத் தந்தி கிட்டாரின் அடிச் சுரம் விநாடிக்கு ஏறத்தாழ 44 அதிர்வு. உங்கள் செல்ஃபோன் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க முடியாது. நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் இந்த ரேடியோப் பெட்டியாலும் முடியாது. அதனால்தான் இன்று உதாரணத்துக்கு எதையும் ஒலிபரப்பாமல் வெறுமனே பேசிக்கொண்டிருக்கிறேன். மேடைக்கு முன்னால் அடுக்கிய பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து அது வரும்போது காதுக்கு முன்னால் நெஞ்செலும்புக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பம்பையை அருகில் நின்று கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே பௌதிகம்தான் ஆபத்தும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்குகிற காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனம் வகுத்த கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கச்சேரி அரங்குகளுக்குச் சராசரி 100 டெசிபல் என்று உச்சவரம்பு சொல்லியிருக்கிறது. மெட்டல் கச்சேரியில் அதைத் தாண்டுவது சர்வசாதாரணம். இயர் பிளக் வாங்கிக்கொண்டு போங்கள். மருந்துக்கடைப் பஞ்சு உதவாது. அது சிம்பலின் கீச்சை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு அடிச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும். பிளக் வைத்தால் இசை கெட்டுவிடும் என்று சின்னப் பையன்கள் சொல்வார்கள். எனக்குப் பிளக் வைத்த பிறகுதான் இரண்டு கிட்டார்களும் தனித்தனியாகக் கேட்கின்றன.

மாஷ் பிட் என்று ஒன்று உண்டு. நடுவில் வட்டமாக இடம் விட்டு, ஒருவரை ஒருவர் தோளால் மோதி ஓடுவார்கள். கீழே விழுந்தவனை நாலு கை உடனே தூக்கி நிறுத்தும், அது எழுதாத சட்டம். புரோக்ரெசிவ் கச்சேரியில் இது அவ்வளவாக நடப்பதில்லை. தாளம் மாறிக்கொண்டே இருந்தால் ஓடுகிறவன் எந்தக் காலை எடுத்து வைப்பான்? பெரும்பாலோர் கையைக் கட்டிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். வெளியாட்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். செல்ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களோடு ஒப்பிட்டால் கையைக் கட்டி நிற்கிறவன் எவ்வளவோ மேல்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பெங்களூரில் அதைக் காரணம் காட்டிப் பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஊர்க் கூத்தில் கதையைத் தொடங்கிவைக்கக் கட்டியங்காரன் மேடைக்கு வருகிற நேரத்துக்கு அங்கே கச்சேரி முடிந்து கூட்டம் மெட்ரோவுக்கு ஓடுகிறது. இருபது நிமிடப் பாட்டு நீளம் என்று முகம் சுளிக்கிற நகரத்து விமர்சகர்களைப் படிக்கும்போது, விடிய விடியப் பதினெட்டாம் போர்க் கூத்து பார்த்தவர்களுக்கு அது ஒரு விருத்தம் போல என்று சொல்லத் தோன்றும். நீளத்துக்குப் பழக்கம் வேண்டும். அது எங்களிடம் தாராளமாகவே இருக்கிறது.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். போவதற்கு முன்னால் அந்தக் குழுவின் ஒரு ஆல்பத்தையாவது நன்றாகக் கேட்டுவிட்டுப் போங்கள். தெரியாத பாட்டை இவ்வளவு சத்தத்தில் புரிந்துகொள்ள முடியாது. கிட்டாரைப் பார்க்காதீர்கள், சிம்பலில் இருக்கும் கையைப் பாருங்கள். மைதானமாக இருந்தால் நடுவில் சவுண்ட் இஞ்சினியர் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படித்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். முன்வரிசைக்கு முண்டியடிக்க ஆசையாக இருந்தால் போங்கள், முகங்கள் நன்றாகத் தெரியும். ஆனால் பாடகரின் குரல் உங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய்ப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் கேட்கும்.